ஐ.என்.ஆர். வீட்டுப் பரிசோதனை

இரத்தம் உறையும் வேகத்தை, விரல்நுனியில் எடுத்த ஒரு சொட்டைக் கொண்டு கையடக்கக் கருவியில் வீட்டிலேயே அளக்கும் முறை. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் சாப்பிடுவோருக்கானது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள் இவர்களில் முக்கியமானவர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990இல் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. எந்த உலோக வால்வானாலும் மாத்திரை ஆயுள் முழுக்க.

ஐ.என்.ஆர். என்பது உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஏற்ற அளவீடு. மாத்திரை எடுக்காதவருக்கு 1 அளவில் இருக்கும். பலருக்கு இலக்கு 2 முதல் 3. மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில்) உலோக வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி சேரலாம். கூடினால் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காணலாம்.

கையை வெந்நீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். சொட்டு வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு பிசகும். கையைத் தொங்கவிட்டாலே போதும். குத்தியதும் தாமதிக்காமல் சொட்டைக் கருவியின் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் வைக்க வேண்டும். பல ஸ்ட்ரிப்புகள் 30 டிகிரி வரைதான் தாங்கும். ஈரோடு, கரூர் சித்திரை வெயிலில் அலமாரியில் வைப்பது வீண்செலவு. ஸ்ட்ரிப் விலைக்குப் பயந்தே பலர் இன்னும் தாராபுரத்திலிருந்து கோவை லேபுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இம்மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே முருங்கைக்கீரையில் மிகுதி. அதற்காகக் கீரைக் கடைசலை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்பதுதான் எண்ணை ஆட்டிவைக்கும். மாத்திரை அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. கருவியின் எண்ணை அவ்வப்போது லேப் முடிவோடு ஒப்பிட்டுக்கொள்வது வழக்கம்.