மலைக் கோயிலும் தாய்மொழிச் செபமும்

மலாக்கா நகரின் நடுவே உள்ள சிறு குன்றின்மேல் கூரையற்ற பழங்கோயில் ஒன்று நிற்கின்றது. 1521ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் தேவமாதாவின் பெயரால் எழுப்பிய கோயில் அது. 1641இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதற்கு அர்ச். சின்னப்பரின் பெயரை இட்டனர். அதனுள்ளே கம்பிவலையிட்ட வெறுங் கல்லறைக் குழி ஒன்று காணப்படும். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்நீத்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், 1553இல் சில மாதங்கள் இங்கே வைக்கப்பட்டுப் பின்னர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

குழி வெறுமையாயினும் அவர் விட்டுச் சென்ற பாடம் வெறுமையானதன்று. அப்பாடத்தை அவர் கற்றது தமிழ்க் கடற்கரையிலே.

1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவர் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுக்கு வேதத்தைக் கற்பிப்பார் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரை அமர்த்திப் பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஏந்தி ஊர்தோறும் தெருவில் நடந்து, சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீடு திரும்பித் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. 1544 ஜனவரியில் அவர் எழுதிய மடல் இம்முறையை விரிவாகக் கூறுகின்றது.

அம்முயற்சியில் ஒரு பிழையும் நேர்ந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று தொடங்கவேண்டிய பிரமாணம் முதல் மொழிபெயர்ப்பில் ‘எனக்கு வேணும்’ என்று அமைந்துவிட்டது. வேண்டுவது வேறு, நம்புவது வேறு. தவற்றை உணர்ந்த சவேரியார் அதை மறைக்கவில்லை. 1544இல் தம் உடன் ஊழியரான மன்சிலாசுக்கு மடல் எழுதி, அச்சொல்லை நீக்கி விசுவாசம் என்னும் சொல்லை இடும்படி கேட்டுக்கொண்டார். ஊரார் சொல்லும் செபத்தின் பொருள் ஊராருக்கு விளங்கவேண்டும் என்பதில் அவர் கொண்ட கவலைக்கு இந்நிகழ்ச்சி போதிய சான்றாகும்.

1545இல் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்தபின், அவர் கப்பலேறி மலாக்காவை அடைந்தார். போர்ச்சுகீசியர் 1511இல் வருமுன்னரே தமிழ் வணிகர் குடியிருந்த பன்மொழித் துறைமுகம் அது. முத்துக்குளித்துறையில் கையாண்ட முறையையே சவேரியார் இங்கும் கையாண்டார். மொழியறிந்தவரின் துணைகொண்டு செபங்களை மலாயில் பெயர்த்து, தாமும் கற்றுப் பிறருக்கும் கற்பித்தார். தமிழ் மீனவர் குடிசைகளிடையே பிறந்த முறை இவ்வாறு மலாய் மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

அவர் தொடங்கிய பணியைத் தமிழகத்தில் முழுமையாக்கியவர் என்றிக்கே என்றிக்கசு பாதிரியார். தமிழை இலக்கணத்தோடு கற்ற அவர் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்டார். 1586இல் புனிதர் சரிதைகளைக் கூறும் ‘அடியார் வரலாறு’ வெளியாயிற்று. வாயால் கற்ற செபம் ஏட்டில் ஏறிற்று.

மூன்று நூற்றாண்டுகள் கடந்தன. மலாக்காவில் சவேரியார் பெயரால் புதிய கோயில் எழும் பணி 1849இல் தொடங்கியது. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருள் கத்தோலிக்கரும் இருந்தனர். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, மாலையில் லயத்துக்குத் திரும்பிய அம்மக்களுக்குக் கோயில் தொலைவு; குருவானவரின் வருகையோ அரிது. கோயிலில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. ஆகவே அன்றாட விசுவாசத்தைத் தாங்கியது, சுரூபத்தின்முன் விளக்கேற்றித் தமிழில் சொல்லிய செபமாலையே. தாய் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லிற்று. சவேரியாரின் பழைய பள்ளிக்கூடம் லயத்து வீடுகளில் மீண்டும் கூடியது எனலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளிக்கும் சாசனத்தை 1963 டிசம்பர் 4ஆம் நாள், சவேரியார் திருநாளின் மறுநாள், வெளியிட்டது. அதன்பின் பீடத்திலும் தமிழ் ஒலித்தது. லயத்தில் காக்கப்பட்ட மொழி கோயிலுக்குள் சென்றது.

இன்று தோட்டங்கள் பல மறைந்து, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பல மொழிகளைப் பேசுகின்றனர். மந்திரத்தை ஒப்பிக்கும் சிறுவனுக்கு அதன் பொருள் விளங்குகின்றதா என்னும் வினா மீண்டும் எழுகின்றது. ஒரு சொல் பிழைத்ததற்காக மடல் எழுதித் திருத்திய சவேரியார் இன்றிருப்பின், முதலில் அச்சிறுவனின் மொழியையே கேட்டறிந்திருப்பார்.