தங்கவயலின் கோல்ஃப் மைதானமும் வீட்டுக்குள் வந்த திரையும்

வீட்டுக்குள்ளேயே கோல்ஃப் ஆட உதவும் சிமுலேட்டரை வாங்க நினைப்பவர்கள் திரையின் அளவைக் கேட்கிறார்கள், படத்தின் தெளிவைக் கேட்கிறார்கள், கடைசியில் விலையைக் கேட்கிறார்கள். அதில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்பவர் அரிது. ஒரு நல்ல சிமுலேட்டரைத் தீர்மானிக்க இந்தக் கேள்வியே முதன்மையானது என்பது என் வாதம். அதற்கான சான்று கோலார் தங்கவயலின் பழைய கோல்ஃப் மைதானத்தில் இருக்கிறது.

1873 வாக்கில் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் கோலாரில் தங்கம் தேட அனுமதி கேட்டார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தபின் அந்த வறண்ட மேட்டில் ஒரு நகரமே முளைத்தது. மேனேஜர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் தோட்டத்தோடு கூடிய பங்களாக்கள், தேவாலயம், கிளப், கிளப்பைச் சேர்ந்த கோல்ஃப் மைதானம் என்று ஒரு சின்ன இங்கிலாந்து மேலே உருவானது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் மூங்கில் தட்டி அடைத்த ‘லைன்’ வீடுகளில் குடும்பம் நடத்திக்கொண்டு, ஷிஃப்ட்டு சங்கு ஊதியதும் குழிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரமே அதற்குப் பிறகுதான் மின்விளக்கைப் பார்த்தது. பாலாற்றுத் தண்ணீர் பேத்தமங்கலத்திலிருந்து பம்ப் செய்யப்பட்டது. இவ்வளவு வசதியும் ஒரே ஊருக்கு வந்தும், ஊர் இரண்டாகவே இருந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. உழைப்பவனைக் கைரேகையாகப் பார்த்த ஒரு நிர்வாகம் தன் ஓய்வுக்கு உருவாக்கிய வெளிதான் அந்த மைதானம். அதை வெறும் விளையாட்டு இடமாகப் பார்க்க முடியாது. அது ஓர் எல்லைக்கோடு.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். தண்ணீருக்குத் திண்டாடும் மாவட்டத்தில் கோல்ஃப் மைதானமே வீண்செலவு. சிமுலேட்டருக்கு நிலமும் வேண்டாம், நீரும் வேண்டாம், ஆகவே வரலாறு சரியான திசையில்தானே நகர்ந்திருக்கிறது என்பார்கள். பாதி உண்மை இது. ஆனால் கோல்ஃப் என்றாலே பச்சைக் கம்பளம் என்பது பிற்காலத்து நினைப்பு. 1876இல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப் உட்பட நம் நாட்டின் பல பழைய மைதானங்களில் அந்நாளில் குழியைச் சுற்றிப் புல்லே இருந்ததில்லை. மணலில் எண்ணெய் கலந்து, உருளையால் அழுத்தி வட்டமாகச் சமன்படுத்தியிருப்பார்கள். ஒருவர் ஆடி முடித்து நகர்ந்ததும் அடுத்தவருக்காகக் காலடித் தடங்களை இழுத்து மூடிவிட வேண்டும். பழுப்பு நிற அந்த வட்டங்களில் பந்து நன்றாகவே ஓடியது. ஆட்டம் இடத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வரிசையில் சிமுலேட்டரும் ஒரு மாற்றம் என்றால் எனக்கு மறுப்பில்லை. மாறும்போது எது தொலைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தொலைந்தது மைதானத்தின் பின்வாசல். பை தூக்கவும், புதரில் விழுந்த பந்தைத் தேடவும், மணலைச் சமன்படுத்தவும் உள்ளூர் ஆட்கள் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த மைதானமும் நடக்கவில்லை. கிளப்பின் முன்வாசல் சாத்தியிருந்தாலும் இவர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே நின்றார்கள். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காற்று எந்தப் பக்கம், பந்து எப்படி வளையும் என்பதெல்லாம் கண்ணால் படித்தது. இந்தியத் தொழில்முறை கோல்ஃப் பெருமளவு இப்படி வந்தவர்களால் ஆனது. 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியரான அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா, தங்கவயலுக்கு அடுத்திருக்கும் பெங்களூருவில் பை தூக்கி ஆட்டம் கற்றவர்.

பை தூக்குவது அடிமை வேலை, அதைப் போய் வாய்ப்பு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு, பட்டம் வென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த ஏற்பாட்டை நான் புகழவில்லை. அவ்வளவு இறுக்கமான ஓர் ஏற்பாட்டில்கூட ஒரு சந்து இருந்தது, ஏழைப் பையன் ஒருவன் பார்த்துக் கற்க முடிந்தது என்கிறேன். வீட்டு அறையில் மாட்டிய திரைக்கு அந்தச் சந்துகூட இல்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மட்டை பந்தைத் தொடும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நொடித்துளியை ஒட்டிப் பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி ஆகியவற்றைப் பிடித்து, மீதிப் பயணத்தைக் கணக்குப்போட்டுத் திரையில் காட்டுவதே சிமுலேட்டர். ரேடார் வகைக் கருவி பந்துக்குப் பின்னால் சில அடி தள்ளி நிற்கும். பந்து கொஞ்ச தூரமாவது பறந்தால்தான் அதற்குச் சரியாகத் தெரியும், ஆகவே சின்ன அறைக்கு அது ஏற்றதல்ல. கேமரா வகை பந்தின் பக்கத்திலேயே இருந்து படம் பிடிக்கும். மலிவுக் கருவிகள் பலவும் சுழற்சியை அளப்பதில்லை, ஊகித்துச் சொல்கின்றன. ஊகம் பிசகினால் வலப்பக்கம் வளைந்து போகவேண்டிய பந்து திரையில் நேராகப் போகும், ஆடுபவரும் தப்பையே பழகுவார். கூரை பத்தடி உயரமாவது இருந்தால்தான் மட்டையைத் தயங்காமல் ஓங்க முடியும். ஆகவே தரம் என்பது முதலில் அளவீட்டின் நேர்மை. திரையின் பளபளப்பு அதற்குப் பிறகுதான். நேர்மையாக அளக்கும் கருவிக்குப் பல லட்சம் ஆகும் என்பதால் கேள்வி மறுபடியும் பழைய இடத்துக்கே வருகிறது: அத்தனை பணத்தில் வாங்கியதை ஒரு குடும்பம் மட்டும் வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஆடுவதா?

தென்கொரியா இதற்கு வேறு பதில் கண்டிருக்கிறது. மலை மிகுந்த அந்த நாட்டில் மைதானக் கட்டணம் சாதாரண மக்களுக்கு எட்டாதது. 2000இல் தொடங்கிய கோல்ஃப்ஸோன் போன்ற நிறுவனங்களின் சிமுலேட்டர்கள் தெருமுனைக் கடைகளில் வைக்கப்பட்டன. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆபீஸ் விட்டு வருபவர்கள் அங்கே ஆடுகிறார்கள். கருவி அதேதான், எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

என் காசு, என் வீடு, இதில் ஊருக்கு என்ன என்று ஒருவர் கேட்டால் சட்டப்படி பதில் இல்லை. ஆனால் தங்கவயல் மக்கள் பொது இடத்தின் மதிப்பை அறிந்தவர்கள். கிளப்புக்குள் இடமில்லாத அவர்கள் சங்கம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் அங்கே வேரூன்றியது. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஊரிலிருந்து இன்றும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் பராமரிக்கும் அடுக்குமாடிகளில்தான் இந்தத் திரைகள் மாட்டப்படுகின்றன.

எனவே வாங்க வசதி உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்துப் பேர் சேர்ந்து, சுழற்சியை உண்மையாகவே அளக்கும் ஒரே ஒரு நல்ல கருவியை வாங்குங்கள். அதைக் குடியிருப்பின் பொது அறையிலோ பக்கத்துப் பள்ளியிலோ வையுங்கள். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் கையிலும் மட்டையைக் கொடுங்கள்.