செயினுக்கு எந்த எண்ணெய்? ஒரு 140 வருஷக் கேள்வி

இந்த எபிசோடை ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கிறேன்: 'ஓவராயில்'.

ராஜபாளையத்துல எங்க தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. வருஷத்துக்கு ஒருமுறை அப்பா தன் சைக்கிளை அங்கே விடுவார். "ஓவராயில் பண்ணிடுங்கண்ணே" என்பார். சாயங்காலம் போனால் சைக்கிள் புதுசு மாதிரி நிற்கும். அது 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல்லின் நம்மூர் வடிவம் என்று எனக்குத் தெரிந்தது இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான். அதுவரை ஓவராயில் என்றால் 'ஓவரா ஆயில் விடுறது' என்றே நினைத்திருந்தேன். நிறைய எண்ணெய் விட்டால் நிறைய நல்லது. சின்னப் பையன் லாஜிக்.

சிரிக்காதீங்க. சென்னைக்கு வந்து, வேலையில் சேர்ந்து, கியர் சைக்கிள் வாங்கி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஈசிஆரில் ஓட்ட ஆரம்பித்த பிறகும் நான் அதே லாஜிக்கில்தான் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி செயின் மேல் தாராளமாக எண்ணெய். ஞாயிறு காலை கடற்கரை மணல் காற்று. துடைக்கிற வேலையே கிடையாது. 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, செயின் போச்சு. அதோடு பின்னாடி இருக்கிற பல்சக்கர அடுக்கும் போச்சு. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு ஒரு நிமிஷம் பேச்சே வரலை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். "உங்க சைக்கிள்ல செயின் எத்தனை வருஷம் ஓடுச்சுப்பா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாத்தின ஞாபகமே இல்லையேப்பா" என்றார்.

மில் ஷிஃப்ட்டுக்கு தினமும் போய் வந்த சைக்கிள் அது. என்னிடம் இருப்பது அதைவிடப் பல மடங்கு விலை. அவர் விட்டது தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். நான் விட்டது சைக்கிளுக்கென்றே செய்த எண்ணெய். அப்புறம் எப்படி? இதைத் தேடித்தான் நான் 1880-க்குப் போனேன். நீங்களும் வாங்க.

மில்லில் பிறந்த செயின்

ஹான்ஸ் ரெனால்ட் சுவிட்சர்லாந்துக்காரர், பிழைக்க இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தவர். 1879-ல் பக்கத்து சால்ஃபோர்டில், நூற்பாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்கிற ஒரு சின்னத் தொழிலை விலைக்கு வாங்கினார். அடுத்த வருஷமே, 1880-ல், 'புஷ் ரோலர் செயின்' என்ற வடிவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கு உங்க வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளில் இருப்பது அதன் வாரிசுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எண்ணெய் விவகாரம் புரியும். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் நடுவில் ஒரு முள், அதாவது பின். அதைச் சுற்றி ஒரு சின்னக் குழாய், அதுதான் புஷ். அதற்கு மேல் உருளுகிற ரோலர். பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணி மடங்குகிறது. அந்த நேரத்தில் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசுகின்றன. தேய்மானத்தில் பெரும்பங்கு அங்கேதான், வெளியே பளபளக்கிற தகட்டில் இல்லை.

'செயின் நீண்டு போச்சு' என்று சொல்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளுவது இல்லை அது. ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். உள்ளே தேய்ந்து தேய்ந்து அது 0.5 சதவீதம் கூடினாலே, என்னுடையது மாதிரி கியர் சைக்கிளில் மெக்கானிக் 'மாத்திடுங்க' என்பார். கணக்குப் போட்டால் ஒரு கண்ணிக்கு 0.06 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடி கனம். ஆனால் 114 கண்ணிகள் சேரும்போது 7 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும்.

இன்னொரு கணக்கு. முன்சக்கரத்தில் 50 பல், நிமிஷத்துக்கு 80 மிதி என்றால், 114 கண்ணிச் செயின் நிமிஷத்துக்கு 35 தடவை முழுச் சுற்று வரும். ஒரு சுற்றுக்கு ஒரு கண்ணி குறைந்தது 4 தடவை மடங்கும். ஒரு மணி நேரத்துக்கு 8,400 உரசல். அந்த இடுக்கில் எண்ணெய் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1885-ல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சேஃப்டி சைக்கிளைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். அதுவரை ஓடிய பெரிய முன்சக்கர சைக்கிளில் மிதி நேரடியாகச் சக்கரத்திலேயே இருந்தது; செயினுக்கு வேலையே இல்லை. ரோவர் வந்த பிறகு சாதாரண மனுஷனுக்கும் இந்தத் தலைவலி வந்துவிட்டது: சேற்றுச் சாலையில் திறந்தபடி ஓடுகிற இந்தச் சங்கிலிக்கு எதைத் தடவுவது?

திமிங்கிலத்தில் இருந்து பெட்ரோலியத்துக்கு

அந்தக் காலத்தில் நுட்பமான இயந்திரங்களுக்கு உயர்ந்த எண்ணெய் என்றால் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய். இலகுவாக ஓடும், பிசினாகக் கெட்டியாகாது. தாவர எண்ணெய்கள் பலவற்றில் இருக்கிற குறை அதுதான்: காற்று பட்டு, நாளாக ஆகப் பிசுபிசுக்கும். சமையலறை ஜன்னல் கம்பியில் பார்த்திருப்பீங்க. நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அது வழுக்காமல் இல்லை, ஆனால் மழையில் துருவைத் தடுக்க அதில் எதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதில் இருந்து கதை மாறியது. பெட்ரோலியத்தில் இருந்து மலிவான எண்ணெய் வர ஆரம்பித்தது. 1894-ல் நியூ ஜெர்சியில் ஜார்ஜ் கோல் என்பவர் சைக்கிள் செயினுக்கென்றே ஓர் எண்ணெய் தயாரித்தார். சுத்தம் செய்யும், வழுக்கும், துருவைத் தடுக்கும். மூன்று வேலை ஒரே பாட்டிலில். பெயர் த்ரீ-இன்-ஒன். இன்றும் கடையில் கிடைக்கிறது.

இதில் ஒரு கிளைக்கதை. 1953-ல் சான் டியாகோவில் ஒரு சின்னக் கம்பெனி, ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டுகிற ஒரு திரவத்தைத் தேடியது. 40-ஆவது முயற்சியில் கிடைத்ததாம். தண்ணீரை விரட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளும் அந்த 40-ம் சேர்ந்துதான் டபிள்யூடி-40. 'அதைச் செயினுக்கு அடிக்கலாமா'னு வாராவாரம் யாராவது கேட்கிறீங்க. பதில் பெயரிலேயே இருக்கு: அது பிறந்தது ஈரத்தை விரட்ட. 1995-ல் அதே கம்பெனிதான் த்ரீ-இன்-ஒன்னையும் வாங்கியது.

வெளியே வந்து விழுந்த கட்டை

எண்ணெய் ஏன் வேலை செய்கிறது என்பதே 1880-களில்தான் புரிய ஆரம்பித்தது. 1883 வாக்கில் பிரிட்டனில் பொறியாளர் போஷம்ப் டவர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் மேல்மூடியில் எண்ணெய் விட ஓர் ஓட்டை போட்டார். அச்சு சுற்றும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாக மேலே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார். அது வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. அப்போதுதான் புரிந்தது, சுழலுகிற அச்சு எண்ணெயைத் தனக்கும் தாங்கிக்கும் நடுவே இழுத்துப் பெரிய அழுத்தத்தை உண்டாக்குகிறது. தாங்கி எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. 1886-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

ஆனா செயினுக்கு அந்த வசதி இல்லை. பின் முழுசாகச் சுற்றுவது கிடையாது, கொஞ்சம் மடங்கித் திரும்பும், அவ்வளவுதான். 15 பல் சக்கரத்தில் ஏறும்போது ஒரு கண்ணி மடங்குவது 24 டிகிரி. அந்த அசைவில் மிதக்கிற அளவுக்குப் படலம் உருவாவது கஷ்டம். உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய பூச்சுதான் காப்பாற்ற வேண்டும். அதனால் செயின் எண்ணெய் இரண்டு எதிரெதிர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது: இடுக்குக்குள் நுழைய நீர்த்திருக்கணும், உள்ளேயே தங்க கெட்டியா இருக்கணும். இன்றைக்குக் கடையில் இருக்கிற அத்தனை பாட்டிலும் இந்த ஒரே முரண்பாட்டுக்கான விடைகள்தான்.

விடையை ஏற்கெனவே கண்டுபிடித்தவர்

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் என்று ஒருவர். தகரச் சாமான்களுக்குக் கறுப்பு மெருகு பூசும் தொழில். 1887-ல் சைக்கிள் செய்ய இறங்கினார், பெயர் சன்பீம். பின்னாளில் அதன் பெருமையே 'லிட்டில் ஆயில் பாத்' என்கிற செயின் பெட்டி. செயின் முழுவதும் மூடிய பெட்டிக்குள், எண்ணெய் படும்படி ஓடும். வெளியில் இருந்து சேறு வராது, உள்ளே இருந்து எண்ணெய் போகாது. அதில் 'எந்த எண்ணெய்' என்ற கேள்வியே சின்னதாகிவிடுகிறது.

அந்தப் பெட்டி ஏன் போச்சு? கியர். செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற டிரெய்லரை 1937-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அனுமதித்தார்கள். பக்கவாட்டில் நகர்கிற செயினை அப்படி இறுக்கமான பெட்டிக்குள் அடைக்க முடியாது. வேகமான சைக்கிள்கள் செயினைத் திறந்துவிட்டன. பெட்டி செய்த வேலையைப் பாட்டிலிடம் கேட்க ஆரம்பித்தோம்.

நம்ம ஊர் கறுப்பு சைக்கிள் மட்டும் செயின் கவரைப் பெரும்பாலும் விடவில்லை. 1949-ல் மெட்ராஸில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960-ல் அதே குழுமம் அமெரிக்காவின் டயமண்ட் செயினோடு சேர்ந்து இங்கேயே செயின் செய்ய இறங்கியது. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் புரொப்பல்லரைச் சுற்றிய செயின் இண்டியானாபொலிஸில் இருந்த அந்த டயமண்ட் கம்பெனியின் முன்னோடி செய்தது. ஆக, நம்ம சைக்கிள் செயினுக்கு ரைட் விமானம் ஒரு தூரத்துச் சொந்தம்.

98.6

1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பேராசிரியர், செயினை ஓடவிட்டு, எங்கே சூடாகிறது என்று அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தார். கொடுத்த ஆற்றலில் அதிகபட்சம் 98.6 சதவீதம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய பல்சக்கரம் இருந்தால் நல்லது, செயின் இறுக்கமாக இருந்தால் நல்லது. மூன்று விதமான எண்ணெய்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை!

ஏன்னா ஆய்வகத்தில் மணல் இல்லை. எண்ணெயின் முக்கிய வேலையே இடுக்கை நிரப்பி அழுக்கு நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று ஸ்பைசர் ஊகித்தார். படிச்சப்போ எனக்கு மார்ஸ்டனின் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

2010-களில் கொலராடோவில் ஜேசன் ஸ்மித் என்பவர் இன்னும் நுட்பமான கருவி வைத்துப் பல எண்ணெய்களை ஒப்பிட்டார். வித்தியாசம் இருந்தது, ஆனால் சில வாட் அளவில். பட்டியலின் மேல்பக்கத்தில் வந்த ஒன்று, மெழுகுவர்த்தி செய்கிற அதே பாரஃபின் மெழுகு. உருக்கி, செயினை முக்கி எடுத்தால் உள்ளே நுழையும்போது திரவம், ஆறிய பிறகு திடம். அந்தப் பழைய முரண்பாட்டுக்கு எவ்வளவு எளிமையான விடை! வெளியே காய்ந்து இருப்பதால் மணலும் ஒட்டாது.

இப்போ நான் செய்வது இதுதான். மழை இல்லாத மாதங்களில் மெழுகு. செயினைக் கழற்றி, புதுச் செயினில் வருகிற கிரீஸையும் சேர்த்து முழுக்கக் கழுவி, காயவைத்து, கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகை உருக்கி முக்குவேன். நேரடியாக அடுப்பில் வைக்காதீங்க, தீப்பிடிக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் எண்ணெய்க்கு மாறிவிடுவேன், மெழுகு துருவை அவ்வளவாகத் தடுக்காது. ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, உள்பக்கம். பத்து நிமிஷம் விட்டு, துணியால் நன்றாகத் துடைப்பது. துடைப்பதுதான் முக்கியம். வெளியே மினுக்குகிற எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் எஃகை அரைக்கிற பசை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பசையைத்தான் என் செயினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த எபிசோடுக்காக அப்பாவிடம் மறுபடி பேசினேன். சன்பீம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கடைக்கார அண்ணன் ஓவராயிலுக்கு வாங்கின காசு எண்ணெய்க்குனா நினைச்ச? மண்ணெண்ணெய்ல கழுவித் துடைக்கத்தான் அவனுக்கு அரை நாள் போகும்" என்றார்.

சைக்கிள் இன்னும் ஊர் வீட்டில் நிற்கிறது. தீபாவளிக்குப் போனபோது அந்தச் செயின் கவரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, கெட்டியாக, கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. செயினில் கேஜ் வைத்துப் பார்த்தேன். தேய்ந்துதான் இருக்கிறது, நான் சத்தியமாக எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. மிதித்தேன். ஓடியது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும் செயினைத் துடைச்சு வையுங்க.