கத்தரிக் காய்ப்புக்கு நகரப் பூங்கா

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் சிறு குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். தச்சுத்தேனீ எனப்படும் கருவண்டும் நீலவரித் தேனீயும் பூவைப் பற்றி, உடலை அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. காற்றிலும் ஓரளவு காய்க்கும்; இவை வந்தால் காய்ப்புக் கூடும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இப்படி அதிர்விக்க இயலாது.

கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்தும், நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டியும் கூடமைக்கின்றன. புல்தரையும் பதிகற்களும் மட்டுமுள்ள பூங்காவில் இவற்றுக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தின் பழைய பூங்கா, சுப்பிரமணியம் பூங்கா போன்ற இடங்களில் ஆவரசு, துளசி, புங்கு நடலாம். ஒரு துண்டு வெறுநிலத்தையும் ஆபத்தில்லாத பட்ட கிளையையும் விட்டுவைக்கலாம். பூச்சிநாசினியைத் தவிர்க்கலாம். போருக்குப் பின் வீட்டுத்தோட்டத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு, அயல் வளவுகளில் கூடும் ஒவ்வொரு காயும் வருமானம்.