மாமல்லபுரத்துக்கு வராத நீர்மூழ்கிக் கப்பல்

 

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். 2012-இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த ஒரு வாக்கை நான் காப்பாற்றவில்லை. அந்தக் கதைதான் இது.

ஐ.என்.எஸ். வாக்லி என்று நம் கடற்படையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது. சோவியத் நாட்டில் கட்டியது. 1974-இல் பணியில் சேர்ந்து, 36 வருடம் உழைத்து, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்கப்போகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நான் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "வந்ததும் உங்களை எல்லாம் உள்ளே அழைத்துப் போகிறேன்" என்றும் சொன்னேன். நீங்கள் பெஞ்சைத் தட்டிய சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது.

கப்பலைச் சென்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்தார்கள். அங்கேயே வருடக்கணக்கில் கிடந்தது. மாமல்லபுரத்துக்கு வரவே இல்லை. நீங்களும் பள்ளியை விட்டுப் போனீர்கள், நானும் ஓய்வு பெற்றேன். மறந்தும் போனேன்.

மறக்காதவன் ஒருவன் இருந்திருக்கிறான். கடலோரக் குப்பத்துப் பையன், கடைசி பெஞ்ச். இப்போது கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், நீங்க காட்டறேன்னு சொன்ன கப்பல் வரல. அதான் நாங்களே செஞ்சிட்டு இருக்கோம்" என்றான்.

நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து, வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து ஒரு கேம் செய்கிறார்களாம். சுட்டுத் தள்ளும் விளையாட்டு இல்லை, நிஜக் கப்பல் எப்படி ஓடுமோ அப்படியே ஓடும் சிமுலேஷன். இது உலகம் முழுக்க ஒரு தனிக் கூட்டத்தின் பைத்தியம் என்று அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1985-இலேயே 'சைலண்ட் சர்வீஸ்' என்று ஒரு கேம் வந்துவிட்டது. 2005-இல் வந்த 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' கேமைச் செய்தது அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு நிறுவனம். 2017-இல் 'கோல்ட் வாட்டர்ஸ்' வந்தது. ஆனால் இன்றைய கப்பல்களை வைத்துச் செய்வது மிகவும் கடினமாம். எந்த வேகத்தில் எவ்வளவு சத்தம் போடும் என்பதுதான் ஒரு நீர்மூழ்கியின் பெரிய ரகசியம். அதை எந்த நாடும் வெளியே சொல்லாது. அதனால்தான் இவர்கள் ஓய்வு பெற்ற வாக்லியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாக்லி 'ஃபாக்ஸ்ட்ராட்' என்ற வகையைச் சேர்ந்தது. சுமார் 91 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம். அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள், டார்பிடோக்கள், டீசல் இன்ஜின்கள், பேட்டரிகள். நீருக்குள் டீசல் இன்ஜின் ஓடக் காற்று கிடையாது. அதனால் பேட்டரியில் ஓட வேண்டும். மெதுவாகப் போனால் சில நாள் தாங்கும், வேகமாகப் போனால் சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மேல்மட்டத்துக்கு வந்து, இன்ஜினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்போதுதான் எதிரியிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து.

"விளையாடிப் பாருங்க டீச்சர்" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான். திரையில் கடலும் இல்லை, மீனும் இல்லை. நாலைந்து மீட்டர்களும் இருட்டும்தான். "ஒண்ணுமே தெரியலையேப்பா" என்றேன். "அவங்களுக்கும் தெரியாது டீச்சர். காதுதான் கண்ணு" என்றான்.

நாம் எட்டாம் வகுப்பில் படித்த ஒலிதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். வெதுவெதுப்பான நீரில் வேகம் கூடும், குளிர்ந்த நீரில் குறையும். வேகம் குறைந்த பக்கமாக ஒலி வளையும். கடலில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். ஆகவே மேலே போகும் கப்பலின் சோனார் ஒலி கீழே வளைந்து போய், நடுவில் நிழல் மாதிரி ஓர் இடம் விழும். அந்த நிழலில் நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளும். நம் வங்கக் கடலில் கங்கை முதல் கிருஷ்ணா வரை ஆறுகள் கொட்டும் நன்னீரும் மேலே பரவிக் கிடப்பதால் கணக்கு இன்னும் சிக்கல். அதைத்தான் பல மாதமாகப் போட்டுப் பார்க்கிறார்களாம். கணக்கு நோட்டே கொண்டுவராத பையன் இவன்!

ஹெட்போனில் தடதடவென்று ஒரு சத்தம் நெருங்கியது. எதிரிக் கப்பல்தான் என்று டார்பிடோ பட்டனை அழுத்திவிட்டேன். வெடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் மெல்லச் சொன்னான்: "அது மீன்பிடி போட் டீச்சர். எங்க அப்பாவோட போட். தண்ணிக்குள்ள மைக் இறக்கி நானே ரெக்கார்ட் பண்ணேன்."

கை நடுங்கிவிட்டது. விளையாட்டுதான், இருந்தாலும் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

காது மட்டும் போதாது என்பதை வரலாறு இரண்டு முறை காட்டியிருக்கிறது.

ஒன்று, 1971. பாகிஸ்தானின் 'காஸி' நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் போய்விட்டது. ஆனால் அது விசாகப்பட்டினம் அருகே இருப்பதுபோல் ஒரு நாடகம் நடந்தது. ராஜ்புத் என்ற பழைய கப்பலை அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல் வயர்லெஸ்ஸில் நிறையப் பேச வைத்தார்கள். கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணனின் திட்டம் அது. காஸி நம்பியது. டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகளால் என்கிறது நம் தரப்பு, உள்ளே நடந்த விபத்து என்கிறது அவர்கள் தரப்பு. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இன்னொன்று, 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடி. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. வாக்லியின் அதே ஃபாக்ஸ்ட்ராட் வகைதான். மேலே அமெரிக்கக் கப்பல்கள், எச்சரிக்கைக்காகப் போட்ட சிறு வெடிகள். உள்ளே தாங்க முடியாத வெக்கை, பேட்டரியும் தீரும் நிலை, மாஸ்கோவோடு தொடர்பும் இல்லை. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னாராம். உடனிருந்த வசீலி அர்க்கிப்போவ் என்ற அதிகாரி அதற்கு ஒப்பவில்லை. கப்பல் மேலே வந்தது, உலகம் பிழைத்தது. உள்ளே இருந்தவர்கள் பல வருடம் கழித்துத்தான் இதை வெளியே சொன்னார்கள்.

அவனிடம் நான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: "கப்பலை மூழ்கடித்தால் மார்க் போடுகிறாய். சுடாமல் காத்திருந்தவனுக்கும் மார்க் போடுப்பா. அர்க்கிப்போவுக்கு உன் கேமில் பூஜ்யம் வரக்கூடாது." கொஞ்ச நேரம் யோசித்தான். "மாத்தறோம் டீச்சர்" என்றான். போன வாரம் போனில் கூப்பிட்டான். இப்போது மூழ்கிய கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் காட்டிவிட்டுத்தான் மார்க் காட்டுமாம். காத்திருந்தவனுக்கும் மார்க் உண்டாம்.

கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எத்தனையோ தடவை சொன்னவள் நான். முழுவதையும் வாபஸ் வாங்கவில்லை, பாதியை வாங்கிக்கொள்கிறேன்.

2012 செட் பிள்ளைகளே, வாக்லியைக் காட்ட முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே வகையைச் சேர்ந்த ஐ.என்.எஸ். குர்சுரா 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே நடந்து பார்க்கலாம். கோடை விடுமுறையில் போகலாம் என்றிருக்கிறேன். சென்னையில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். மைக்கோடு அவனும் வருகிறான். குடும்பத்தோடு யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். டிக்கெட் அவரவர் செலவு, புளிசாதம் டீச்சர் செலவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்