பருவந்தோறும் திறக்கும் பேழை

ஹைதராபாத், செகந்தராபாத் நகரங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் சார்மினாரைக் காட்டுவர். அடுத்து சாலார் ஜங் பொருட்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்வர். மணிக்கொரு முறை சிறு பொம்மையொன்று வெளிப்பட்டு மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பர். முகத்திரை அணிந்த ரெபெக்காவின் பளிங்குச் சிலையைக் கண்டு வியப்பர். மாலையில் வீடு திரும்பியதும், "பார்த்தாயிற்று" என்று மனநிறைவு கொள்வர். ஆயினும் அச்சாலை ஒரே நாளில் பார்த்து முடிக்கத்தக்கதன்று. அதன் வரலாறே இதற்குச் சான்று.

நிஜாமின் அரசில் திவான் பதவி வகித்த குடும்பங்களுள் சாலார் ஜங் குடும்பம் புகழ்பெற்றது. முதலாம் சாலார் ஜங் 1853ஆம் ஆண்டில் திவானாகி, நிருவாகத்தைச் சீர்திருத்தியவர். 1876இல் ஐரோப்பா சென்றிருந்தபோது ரோமாபுரியில் அவர் வாங்கியதே பென்ஸோனி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய ரெபெக்கா. அவருடைய பேரர் மீர் யூசுப் அலி கான் 1889ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பிறந்தார்; பிறந்த சில வாரங்களிலேயே தந்தையை இழந்தார். இருபத்து மூன்றாம் வயதில், 1912இல், திவானான அவர் 1914இல் அப்பதவியைத் துறந்தார். பின்னர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கலைப்பொருள்களைச் சேர்ப்பதிலேயே காலத்தையும் செல்வத்தையும் செலவிட்டார். மொகலாயச் சித்திரமும் சீனப் பீங்கானும், பாரசீகக் கம்பளமும் தென்னாட்டுச் செப்புத் திருமேனியும், பிரெஞ்சு நாற்காலியும் அரபு மொழிக் கைப்பிரதியும் அவருடைய மாளிகையாகிய திவான் தேவ்டியில் வந்து குவிந்தன.

1949ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் அவர் காலமானார். அவர் மணம் செய்துகொள்ளாதவர். நேர் வாரிசு இல்லை. சொத்துக்கு உரிமை கோரிய உறவினரோ பலர். சேர்த்தவர் மறைந்ததும் சேகரமும் சிதறுவது உலக வழக்கு. பங்கு பிரித்து, ஏலம் விட்டு, பத்து ஊர்களுக்குப் பத்துப் பெட்டிகளாகப் போய்விட்ட சேகரங்கள் எத்தனையோ. இதற்கும் அக்கதி நேர்ந்திருக்கலாம்.

நேராமல் தடுத்தது ஒரு காட்சியே. அப்பொழுது ஹைதராபாதின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த வெள்ளோடி, அயர்லாந்தில் பிறந்த கவிஞரும் கலை விமரிசகருமான ஜேம்ஸ் கசின்ஸை அழைத்தார். மதனபள்ளியில் வாழ்ந்து, திருவிதாங்கூர் அரசுக்குக் கலை ஆலோசகராக இருந்து, திருவனந்தபுரத்துச் சித்திராலயம் உருவாகத் துணை நின்றவர் கசின்ஸ். அவர் மாளிகையின் பொருள்களை வகைப்படுத்தி அமைத்தார். 1951ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பிரதமர் நேரு அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். ஒருமுறை மக்கள் கண்டு தமதெனக் கருதிய சேகரத்தைப் பிறகு கலைப்பது எளிதன்று. வாரிசுகளும் 1958இல், நீதிமன்றத்தின் வாயிலாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முழுவதையும் இந்திய அரசுக்கு அளிக்க இசைந்தனர். 1961இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968இல் மூசி ஆற்றின் தென்கரையில் எழுந்த புதிய கட்டடத்துக்குப் பொருள்கள் மாறின.

இன்று அங்குள்ள கலைப்பொருள்கள் 40,000க்கு மேற்பட்டவை. கைப்பிரதிகள் மட்டும் 8,000க்கு மேல். நிலையான கூடங்களில் நாம் காண்பது இவற்றுள் ஒரு பகுதியே. மற்றவை வைப்பறைகளில் உள்ளன. இடமின்மை இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒளி. பட்டின் சாயமும் சித்திரத்தின் வண்ணமும் கைப்பிரதியின் தாளும் வெளிச்சம் படப்படக் கெடுகின்றன. அவ்வாறு மங்கிய நிறம் மீண்டும் வருவதில்லை. கல்லும் செம்பும் ஆண்டு முழுதும் நம் முன்னே நிற்கலாம். துணியும் தாளும் நிற்க இயலாது. மங்கலான விளக்கில் சில வாரங்கள் காட்டி, நெடுநாள் இருளில் ஓய்வு கொடுத்தால்தான் அவை அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.

பருவந்தோறும் நடைபெறும் சிறப்புக் காட்சிகளின் உண்மையான பயன் இங்கேதான் விளங்குகிறது. ஜூன் மாதத்தில் மூன்றாம் சாலார் ஜங்கின் பிறந்த நாளையொட்டி விழாவும் காட்சியும் நடைபெறும். நவம்பரில் சிறுவர் வாரம்; ஜனவரியில் பொருட்காட்சி சாலை வாரம். மிலாது நபியையொட்டித் திருக்குர்ஆன் கைப்பிரதிகளைக் காட்சிக்கு வைத்ததும் உண்டு. இத்தகைய நாள்களில்தான் வைப்பறையில் உறங்கும் பொருள்கள் வெளியே வருகின்றன. திருவிழாவன்று மட்டும் வீதிக்கு எழுந்தருளும் உற்சவ மூர்த்தியைப் போன்றவை அவை. மூலவரைக் கண்டவர் உற்சவரையும் கண்டால்தான் கோயிலை அறிந்தவராவார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. சுற்றுலா வருபவர் ஒரு நாள் வந்து போவார். பருவத்துக்குக் காத்திருக்க அவரால் இயலாது. அவ்வூரிலேயே குடியிருப்பவர் காத்திருக்கலாம். பத்தாண்டு ஓரூரில் உப்பும் புளியும் வாங்கி உண்டு, பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளிக்கு அனுப்பியும், அவ்வூரின் செல்வத்தை விருந்தினர்க்குக் காட்டும் வேடிக்கைப் பொருளாகவே வைத்திருப்பது நமக்கே இழப்பாகும். தெலுங்கும் உருதும் பேசும் அண்டை வீட்டாருக்கு உள்ள உரிமை அச்சேகரத்தில் நமக்கும் உண்டு. நாடாளுமன்றச் சட்டம் அதனை நாட்டினர் அனைவருக்கும் உரியதாக்கியது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாமல் வாழ்வில் பயன்பட வேண்டுமாயின், நாம் சென்று காண வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அச்சாலைக்கு விருந்தினர் இன்றிச் செல்லுங்கள். கடிகாரத்தைக் கடந்து, அப்பருவத்தில் எக்கூடத்தில் சிறப்புக் காட்சி என்று கேட்டறிந்து, பிள்ளைகளோடு அங்கே சற்று நில்லுங்கள். அங்கே அரையிருளில் விரித்து வைத்திருக்கும் ஓர் ஏடு, சில வாரங்களில் மீண்டும் பேழைக்குள் சென்றுவிடும். அதனை நேரிற் கண்ட சிலருள் உங்கள் குழந்தையும் ஒருவராக இருக்கட்டும்.