மலச்சிக்கலும் மாவுச் சல்லடையும்

மலச்சிக்கலைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மில் பலர் நாணுகின்றனர். நம் முன்னோர் இவ்வாறு நாணியவர் அல்லர். நோயாளியின் நாடியைப் பார்த்த வைத்தியர் அடுத்து வினவுவது பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. நம் நாட்டின் பெருந்தலைவர் ஒருவரோ, தமக்கிருந்த இத்தொல்லையைத் தம் வரலாற்று நூலிலேயே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். அவர் உடல் தேறும்பொருட்டு ஒரு கோடையையும் கார்காலத்தையும் கழித்த ஊர் பெங்களூர். ஆதலின் நாமும் இப்பொருளைப் பெங்களூரிலிருந்தே தொடங்குவோம்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கதர்ப் பணிக்கான சுற்றுப்பயணத்தின் நடுவே காந்தியடிகள் நோயுற்றார். மருத்துவர்கள் ஓய்வு வேண்டும் என்றனர். ஏப்ரலில் அவர் பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலைக்கு வந்தார். ஜூன் மாதத்தில் மலையிலிருந்து இறங்கிப் பெங்களூரில் குமார பார்க்கில் தங்கினார். ஆகஸ்டு இறுதிவரை மைசூர் நாட்டிலேயே இருந்தார். அப்போது அவரை வருத்திய நோய் மலச்சிக்கல் அன்று; மிகுதியான உழைப்பும் குருதி அழுத்தமும் கொணர்ந்த தளர்ச்சி அது. எனினும் அவருடைய ‘சத்திய சோதனை’ ‘நவஜீவன்’ இதழில் வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருந்த காலமும் அதுவே. அந்நூலின் நான்காம் பகுதியில் மண் சிகிச்சை, நீர்ச் சிகிச்சை பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. நம் பொருளுக்கு அதுவே தோற்றுவாய்.

ஜோகன்னஸ்பர்க் நகரில் வழக்கறிஞராக இருந்த நாளில் அவருக்கு மலச்சிக்கலும் அடிக்கடி தலைவலியும் இருந்தன. அவ்வப்போது பேதி மருந்து உண்டு காலம் தள்ளினார். இம்மருந்துகளின் பிடியிலிருந்து என்று விடுபடுவோம் என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. மான்செஸ்டர் நகரில் காலை உணவை விட்டொழிக்கச் சங்கம் ஒன்று அமைந்திருப்பதை அறிந்து, தாமும் காலை உணவை நிறுத்தினார். தலைவலி நின்றது, மலச்சிக்கல் நிற்கவில்லை. பின்னர் ஜெர்மானியராகிய லூயி கூனே வகுத்த இடுப்புக் குளியலை மேற்கொண்டார். ஓரளவே பயன் கிட்டியது. அடுத்து, அடால்ஃப் ஜஸ்ட் என்னும் மற்றொரு ஜெர்மானியரின் நூலைப் படித்து, தூய மண்ணைக் குளிர்ந்த நீரில் நனைத்து மெல்லிய துணியில் பரப்பி, இரவில் அடிவயிற்றின்மேல் கட்டிக்கொண்டார். அதனால் நோய் அறவே நீங்கியது என்பது அவர் கூற்று.

அதே நூலில், பல அதிகாரங்கள் தள்ளி, வேறொரு செய்தி வருகின்றது. கூனே கூறிய முறைப்படி, புளிக்காத முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே செய்ய அவர் விரும்பினார். ஆலை மாவு அதற்கு உதவவில்லை. ஆகவே 7 பவுன் கொடுத்துக் கைத்திரிகை ஒன்றை வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுழற்ற இயலாத கனமுடையது. அவரும் நண்பர் போலக்கும் பிள்ளைகளுமாக அதனைச் சுழற்றி மாவரைத்தனர். ஜோகன்னஸ்பர்க் வாழ்க்கையில் நிகழ்ந்தவையே இவ்விரண்டும்; ஆயினும் மலச்சிக்கல் நீங்கியதற்குரிய பெருமையை அவர் மண்ணுக்கே அளித்தார். இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு நோக்கின், அப்பெருமையில் பெரும்பங்கை நாம் மாவுக்கே அளிப்போம். குளிர்ந்த மண்கட்டு இதம் தருவது உண்மைதான். ஆயின் குடலுக்கு வேலை தருவது உள்ளே செல்லும் தவிடன்றோ! 1942இல் புனேயில் ஆகா கான் மாளிகையில் சிறையிருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில் அவர் மண்கட்டையும் கைவிடவில்லை. கோதுமை மாவைச் சலித்துத் தவிட்டை நீக்கலாகாது என்பதையும் வற்புறுத்தினார்.

அக்காலத்து மேலைநாடுகளில் மலச்சிக்கலைக் குறித்து ஒருவகைப் பேரச்சம் நிலவியதையும் இங்கு நினைவுகூர வேண்டும். குடலில் தங்கிய மலம் நஞ்சாகி உடல் முழுதும் பரவும் என்று பெரிய மருத்துவர்களும் நம்பினர். இலண்டன் அறுவை மருத்துவர் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அறுத்து நீக்கி வந்தார். அந்நம்பிக்கை பின்னர் பொய்த்தது. ஒரு நாள் வயிறு கழியாவிடில் உடல் நஞ்சாகிவிடும் என்று இன்றும் அஞ்சுவோர், தம்மை அறியாமலே அந்தப் பழைய பேரச்சத்தைச் சுமந்து திரிபவரே. நாளுக்கு மூன்று முறை கழிவதும், வாரத்திற்கு மூன்று முறை கழிவதும் இயல்புக்கு உட்பட்டவையே என்பது இற்றை நாள் மருத்துவர் கொள்கை.

இனி நந்தி மலையடிக்கு மீள்வோம். அம்மலையைச் சூழ்ந்த சீமையெங்கும் விளைவது கேழ்வரகு. ராகி, கேப்பை, ஆரியம் என்றெல்லாம் வழங்கும் இத்தானியத்தில் பாதிக்கு மேல் இந்தியாவில் இன்றும் கருநாடகமே விளைவிக்கின்றது. கன்னடர் இதனைக் களியாகக் கிண்டி உருட்டி, கீரைச் சாற்றில் தோய்த்து உண்பர். தருமபுரி, சேலம், வட ஆர்க்காட்டுப் பகுதிகளில் நம்மவர்க்கும் களியும் கூழுமே நெடுங்காலம் அன்றாட உணவு. 1809இல் பெங்களூரில் படைவீடு அமைந்தபின் அங்குக் குடியேறிய தமிழருள் இவ்வுணவுப் பழக்கத்தோடு சென்றவர் பலர் இருந்திருப்பர்.

நெல்லைத் தீட்டலாம், கோதுமையைத் தோல் நீக்கி மைதாவாக்கலாம். கேழ்வரகோ மிகச் சிறிது. அதன் தோல் உள்ளீட்டோடு இறுகப் பற்றியது. உள்ளீடோ எளிதில் நொறுங்குவது. தீட்டப் புகுந்தால் மணி முழுதும் பொடியாகிவிடும். ஆதலின் தோலும் தவிடுமாக அதனை முழுமையாக அரைப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. ஆலை வந்து அரிசியின் தவிட்டைக் களைந்த நாளிலும், கேழ்வரகு உண்டவரைத் தானியத்தின் சிறுமையே காத்தது. அண்மைக் காலத்தில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், மணியை நீராவியில் பதப்படுத்தித் தோல் நீக்கும் முறையைக் கண்டது. அம்முறையின் திறமையைப் பாராட்டுகிறோம். அதனால் வயிற்றுக்கு விளையும் நன்மையை மட்டும் நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் நார்ப்பொருள் ஏறத்தாழ 11 கிராம். முழுக்கோதுமை மாவிலும் ஏறத்தாழ அவ்வளவே. தீட்டிய பச்சரிசியிலும் மைதாவிலும் 3 கிராமுக்கும் குறைவு. இவ்வேறுபாடு தெரியாமலேயே நாம் அரிசியை மேன்மக்கள் உணவென்றும் கேழ்வரகை ஏழையர் உணவென்றும் பிரித்துவிட்டோம். பதினாறாம் நூற்றாண்டில் கனகதாசர் ‘ராமதான்ய சரிதை’ என்னும் கன்னட நூலில் இப்பிரிவினையையே வழக்காக்கினார். நெல்லும் கேழ்வரகும் யார் பெரியவர் எனப் பூசலிட, இராமபிரான் இரண்டையும் ஆறு மாதம் சிறையிலிடுகிறார். கெடாது நின்ற கேழ்வரகு வெல்கிறது. தீர்ப்பு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் திருமணப் பந்திகளில் அது இன்னும் நிறைவேறவில்லை.

அறிவியல் இவ்வுண்மைக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தது. 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர், சத்து நீங்கிய அரிசியைக் குரங்குகளுக்கு ஊட்டி ஆராய்ந்தார். அவற்றின் குடற்சுவர் மெலிந்து வலுவிழந்ததைக் கண்டார். அவர் அதனை வைட்டமின் குறைவின் விளைவென்றார். நாரை எவரும் பொருட்படுத்தாத காலம் அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1972இல் தம் துணைவருடன் கட்டுரை ஒன்று வெளியிட்டார். நாட்டுப்புற ஆப்பிரிக்கர் உண்ட உணவு ஏறத்தாழ ஒன்றரை நாளில் குடலைக் கடந்தது. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ அதனினும் ஏறத்தாழ இருமடங்கு காலம் ஆயிற்று. நார் பல பெருநோய்களையும் தடுக்கும் என்று அவர் கூறியவற்றுள் சில பின்னர் ஐயத்திற்கு உள்ளாயின. மலச்சிக்கலைப் பொறுத்தவரை அவர் கூற்று நிலைத்துவிட்டது.

கேழ்வரகு மலத்தைக் கட்டும் என்று சொல்வாரும் உளர். அவர் சொல்வதிலும் பொருள் உண்டு. கேழ்வரகின் நாரில் பெரும்பகுதி நீரில் கரையாதது. நீரை உடன்கொண்டால்தான் அது மலத்தை இளக்கி நகர்த்தும். நீரின்றி நாரை மட்டும் உண்பவர் சிக்கலை மிகுத்துக்கொள்வர். களியைக் கீரைச் சாறில்லாமல் உண்ணாத கன்னடரின் வழக்கத்தில் இவ்வறிவு அடங்கியிருக்கின்றது. நாமும் நாரைச் சிறுகச் சிறுக, சில வாரங்களில் கூட்டுவதே நன்று. ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர்ந்த திராட்சை, மார்கழி தை மாதங்களில் பெங்களூர்க் கடைத்தெருவை நிறைக்கும் அவரை ஆகிய யாவும் துணை செய்வன. காலையில் வெந்நீர் பருகி உணவு கொண்டபின் பெருங்குடல் தானே அசைவு கொள்ளும். அவ்வேளையில் வரும் உணர்ச்சியை, பேருந்துக்கு நேரமாயிற்று என்று அடக்குவது பெருநகர வாழ்க்கை நமக்குக் கற்பித்த தீய பழக்கம். நாற்காலி போன்ற கழிப்பிடத்தில் அமர்வோர் காலடியில் சிறு பலகை வைத்துக்கொண்டால், குந்தியிருக்கும் நிலையின் பயனைப் பெரும்பாலும் பெறலாம்.

ஆமணக்கெண்ணெயின் நாற்றத்திற்கு அஞ்சி வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒளிந்த நாளை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை இலையோ கடல்கடந்து உலக மருந்துக் கடைகளில் எல்லாம் புகழ் பெற்றது. இவை வலிய பேதி மருந்துகள். என்றேனும் ஒருநாள் உதவக்கூடியவை. மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் உண்ணத்தக்கவை அல்ல. கருவுற்ற பெண்டிர் தாமாக இவற்றை உண்ணலாகாது. மலத்தில் குருதி காணினும், காரணமின்றி உடல் இளைப்பினும், கடும் வயிற்றுவலியும் வாந்தியும் சேரினும், நடுவயதைக் கடந்தபின் நெடுநாளைய வழக்கம் திடீரென மாறினும், அடுக்களையில் மருந்து தேடாமல் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.